சர்வே கல்லோடு முட்டிக்கொண்டவர்கள் இங்கே வரவும்

காவிரிக்கரை:
இந்தியாவை முக்கோண முறையில் அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 1808, தஞ்சைப் பெரிய கோயில், கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட், மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. அவ்வளவுதான் முன்கதை.

போன சித்திரையில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போனேன். சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் தூங்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். மதியம் மூன்று மணி. கல்தரையில் கால் வைக்க முடியவில்லை. கயிற்றுப் பாயிலிருந்து அடுத்த நிழலுக்கு ஓட்டமும் நடையுமாக விமானத்தைச் சுற்றினேன். எதைத் தேடினேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கேயாவது ஒரு தழும்பு, உடைந்த மூக்கு, சிராய்ப்பு, இப்படி ஏதாவது. இருநூறு வருஷத்துக்கு அப்புறம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடுமா என்ன!

கழுத்து வலித்ததுதான் மிச்சம். அப்போது ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பக்கத்தில் வந்து நின்று, "தொப்பிக்காரரைத் தேடறீங்களா மாமா?" என்று கேட்டது. வடக்குப் பக்கம் இருக்கும் அந்த வெள்ளைக்காரப் பொம்மையைத்தான் சொல்கிறது. கைடுகள் எல்லாரும் அதைத்தானே காட்டுகிறார்கள். நானும் "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். அது கையை நீட்டிக் காட்டிவிட்டு, ஒரு பெரிய வேலையை முடித்த திருப்தியோடு ஓடிப்போனது.

அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. அதைவிட உறுத்துவது இன்னொன்று. கயிறு அறுந்த நொடியில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நம்ம ஊர் ஆட்கள். உள்ளங்கை கிழிந்திருக்கும். நான் படித்த வரையில் அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கும் இல்லை.

மேடவாக்கத்தான்:
காவிரிக்கரை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தழும்பைத் தவறான இடத்தில் தேடியிருக்கிறீர்கள். பலமாக அடிவாங்கியது கருவி. அதிலிருந்த, கோணக் குறிகள் போட்ட 36 அங்குல வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டார். கைவினை ஆட்கள் சிலரைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. பெரிய பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் வைத்து, நெளிந்த வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதில் பொருத்தினார். ஆறு வாரம்! வளைந்த ஆரங்களைச் சின்ன மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினாராம். கார் கதவில் ஒரு நெளிவு விழுந்தாலே கதவை மாற்று என்று சண்டை போடுகிற ஆள் நான்.

என் அனுபவம் சின்னது. 1802-இல் அவர் முதல் அடிக்கோட்டை, அதாவது முக்கோணக் கணக்குக்கெல்லாம் ஆதாரமான கோட்டை, அளந்தது பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே, பெரும்பாக்கம் பக்கம் வரைக்கும். ஏப்ரல் 10 அன்று ஆரம்பித்து 57 நாள். தூரம் ஏழரை மைல். அந்தக் கோடு ஓடிய திசையில்தான் நான் தினமும் பைக்கில் ஆபீஸ் போகிறேன். மழைக்காலத்தில் பள்ளிக்கரணை தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைப்புத்தான் வரும்.

மனை வாங்கியபோது அளக்க வந்த செயின்மேன், பகல் பன்னிரண்டு மணிக்கு டேப்பைச் சுருட்டி நிழலில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "இரும்பு சார். வெயில்ல நீளும். இப்ப அளந்தா வித்தவருக்கு நஷ்டம்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லாம்டன் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்துக் கணக்குப் பார்த்தது இதற்குத்தானே! அந்த ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

குறுக்குக்கேள்வி:
மயிர்க்கூச்செறியும் முன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃகு ஒரு டிகிரிக்கு லட்சத்தில் ஒரு பங்கு, சற்றுக் கூட, நீளும். 60 அடி மனை, 15 டிகிரி வித்தியாசம் என்றால் 3 மில்லிமீட்டர். உங்கள் செயின்மேனுக்கு வெயில் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஏழரை மைலுக்கு என்றால் சரி, அதே கணக்கில் 2 மீட்டர் வரும்.

மேடவாக்கத்தான்:
3 மில்லிமீட்டரானாலும் அவர் சொன்னது சரிதானே ஐயா. டீ வீண் போகவில்லை.

தாமிரபரணிப் பையன்:
எங்கள் ஊர்ப் பழைய பயணியர் மாளிகையில் லாம்டன் வைத்த கல்லே இருக்கிறது. ஜி.டி.எஸ்., பி.எம். என்று எழுத்து, நடுவில் ஒரு சதுரம். பத்தாவது படிக்கும்போது அது என்னவென்று தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். வாட்ச்மேன் தாத்தா எங்கிருந்தோ ஓடிவந்தார். "ஏலே, எந்திரி! அதுல உக்காந்தா மெட்ராஸ்ல கணக்கு மாறிப்போவும்!"

பயந்து எழுந்துவிட்டேன். இப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன்.

ஓய்வூதியர்:
தம்பி, அது லாம்டன் வைத்த கல் அல்ல. அவர் 1823-லேயே காலமாகிவிட்டார். பி.எம். என்றால் பெஞ்ச் மார்க், உயரக் குறி. கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று மட்டம் எடுத்துக்கொண்டே போகும் வேலை இந்தியாவில் 1858-இல்தான் தொடங்கியது. ஜி.டி.எஸ். என்றால் கிரேட் டிரிக்னாமெட்ரிகல் சர்வே. அந்த எழுத்தைப் பார்த்ததும் எல்லாரும் லாம்டன், அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்கள் செய்தது முக்கோண அளவை, கோணங்களை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது. அதன் குறிகள் மலை உச்சியிலும், நம் டெல்டா மாதிரி மலை இல்லாத இடத்தில் கோபுரத்து மேலேயும் இருந்தன. தென்னையும் பனையும் பார்வையை மறைத்ததால்தான் மனுஷர் தஞ்சாவூரில் கோபுரம் ஏறவே போனார்.

நான் சர்வே வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். ஒரு கிராமத்தில் இப்படி ஒரு உயரக் குறிக் கல்லைத் துணி துவைக்கும் கல்லாகப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த அம்மாவிடம் விவரம் சொன்னேன். அவர் சோப்பு நுரையைத் தள்ளிவிட்டு எழுத்தைப் பார்த்தார். "இத்தனை நாள் இது என் புருஷனைப் பெத்தவ பேருன்னுல்ல நெனச்சேன்" என்றார். அந்த முகம் மறக்கவில்லை.

கல் தேடிப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவர், சர்ச் படி, கோயில் அடித்தளம், பழைய அரசாங்கக் கட்டடத்து வாசல், இங்கெல்லாம் முதலில் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் போங்கள், சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுத்துத் தெரியும். நடுப்பகலில் போய் ஒன்றுமில்லை என்று திரும்பாதீர்கள். தெளிவாக இல்லையென்றால் தண்ணீர் தெளியுங்கள். கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் கூடாது. சுண்ணாம்பு தடவிப் படம் எடுப்பதும் வேண்டாம், அது குழியில் தங்கிவிடும். மெல்லிய தாளை மேலே விரித்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் அச்சாக வந்துவிடும். மலை உச்சியில் வட்டமும் நடுவில் புள்ளியும் உள்ள கல்லைப் பார்த்தால் அசைக்காதீர்கள், தோண்டாதீர்கள். மேல்கல் காணாமல் போனாலும் இடம் தெரிய வேண்டும் என்பதற்காக நேர் கீழே இன்னொரு குறியைப் புதைத்து வைப்பது வழக்கம். புதையல் என்று நினைத்துத் தோண்டுகிறவர்கள் அழிப்பது அதைத்தான். வயல் மூலையில் நம்பர் போட்டிருப்பது வருவாய்த்துறைப் புலக்கல், அது வேறு சங்கதி. அதைப் பிடுங்கினால் பக்கத்து நிலத்துக்காரர் உங்களைப் பிடுங்கிவிடுவார். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு இருக்கும்.

தாமிரபரணிப் பையன்:
நன்றி ஐயா. நான் கல் தேடப் போவதாக எங்கேயும் சொல்லவில்லை.

மலைக்காற்று:
மசூரியில் எவரெஸ்ட் வீட்டுக்குப் போனேன், புதுப்பிப்பதற்கு முன்னால். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, சுவரெல்லாம் காதலர் பெயர். கணப்பு இருந்த இடத்தில் ஒரு ஆடு, வீட்டுக்காரர் மாதிரி, அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. வெளியே டீ விற்றவரிடம் கெத்தாக, "ஜார்ஜ் ஈவ்ரெஸ்ட் வீடுதானே இது?" என்று கேட்டேன். அவர் குடும்பத்தின் உச்சரிப்பு அதுதான். டீக்காரர் சிரித்தார். "மேடம், ஈவ்ரெஸ்ட் இல்லை, எவரெஸ்ட்" என்று இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது முறை நானும் சரியாகச் சொன்னேன்.

அந்த மனுஷர் பயந்ததும் இதற்குத்தான். சிகரத்துக்குத் தன் பெயர் வேண்டாம், இந்த நாட்டு மக்களால் சொல்ல முடியாது, இந்தியிலும் பாரசீகத்திலும் எழுத முடியாது என்றார். 1865-இல் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். இப்போது உலகமே அவரைத் தப்பாகத்தான் கூப்பிடுகிறது. திருத்தப் போன ஆளை டீக்கடையில் திருத்தி அனுப்புகிறார்கள்.

குறுக்குக்கேள்வி:
உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தர் பெயர் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. எவரெஸ்ட் 1843-லேயே இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார். கணக்கு விழுந்தது 1852-இல். 1856-இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். 29,000 என்றால் குத்துமதிப்பு என்று நினைப்பார்கள் என்பதால் 2 அடி சேர்த்ததாகவும் சொல்வார்கள். 3 மில்லிமீட்டருக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் இதைப் படிக்கவும்.

வடக்கே போகும் ரயில்:
ஹிங்கன்காட். வார்தா பக்கம். டெல்லிக்குப் போகும்போது இரவு இரண்டு மணிக்கு ரயில் அங்கே நின்றது. கீழே இறங்கித் தண்ணீர் பிடித்தேன். மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர், அதன் கீழே கடல்மட்ட உயரம். குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தது. ஒரு நாய் இருந்தது. நான்கு நிமிஷம் இருக்கும். ஏறிப் படுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துத்தான் படித்தேன். 1823 ஜனவரி 20, லாம்டன் இறந்தது அந்த ஊரில். கல்லறையும் அங்கேதான். பரங்கிமலையில் சங்கிலியைப் போட்ட மனுஷர் இருபது வருஷத்துக்கு மேல் அளந்துகொண்டே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். நான் ஒரு ராத்திரியும் பகலும் படுத்துக்கொண்டே வந்து, அந்த உயரப் பலகைக்குக் கீழே நின்று, குழாயைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காவிரிக்கரை:
அடுத்த மாதம் டெல்லிக்குப் போகிறேன். நீங்கள் போன ரயில் எது? அங்கே எத்தனை மணிக்கு நிற்கும்?

வடக்கே போகும் ரயில்:
நிற்காது. அன்றைக்கு சிக்னல் விழவில்லை.