வரைபடத்தில் நம்ம கண்மாய்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர்த் தம்பிகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் நம்மூரை வரைய ஆரம்பித்ததிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். தெருக்கள், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி எல்லாம் ஜோராக வந்திருக்கின்றன. கண்மாய் மட்டும் புதர்க்காடாகக் கிடக்கிறது.

அவர்கள் மேல் தப்பில்லை. செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்தது. பொட்டுத் தண்ணீர் இல்லை, தண்ணீர் நிற்கிற உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். வெளியூர்க்காரன் யார் பார்த்தாலும் காடு என்றுதான் குறிப்பான். நாம் அப்படிக் குறிக்கலாமா? படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கிழக்கே பாருங்கள். வில் மாதிரி வளைந்து ஒரு கோடு போகும், அதுதான் கரை. அதற்குக் கீழே சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிவது ஆயக்கட்டு வயல், கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலம். கரையின் தெற்கு முனையில் வெள்ளையாக ஒரு துண்டு தெரிகிறதே, அது கலுங்கு, கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்.

வரைபடத்தில் புதர் என்று இருக்கும் வகைக் குறியை மாற்றி 'நேச்சுரல்=வாட்டர்' (நீர்நிலை) என்று போட்டு, கூடவே 'இன்டர்மிட்டன்ட்=யெஸ்' என்று சேர்த்தால் போதும். எப்போதும் தண்ணீர் நிற்காத நீர்நிலைக்கு அதுதான் வழி. கண்மாய் பெருகினால் தண்ணீர் எதுவரை ஏறுமோ அதுவரை எல்லை வரையுங்கள். கரைமேல் உள்ள பாதையைத் தனிக் கோடாகப் போடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று துபாய் மாப்பிள்ளை கேட்டிருந்தார். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது இந்த வரைபடம். இதன் தரவை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தலாம். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கம் வந்தபோது எங்கெங்கோ இருந்தவர்கள் படத்தைப் பார்த்துத் தலைநகரின் தெருக்களைச் சில நாட்களிலேயே வரைந்தார்கள், மீட்புக்குப் போனவர்கள் அதை வைத்துத்தான் வழி கண்டார்கள். 2015 சென்னை வெள்ளத்தில் தண்ணீர் நின்ற தெருக்களை மக்கள் குறித்ததும் இதன் மேல்தான். நம்ம பக்கம் ஒரு பெருமழை வந்தால் கண்மாய் எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்க்க வருகிறவனுக்குப் புதர்க்காட்டைக் காட்டினால் என்ன பிரயோஜனம்? (இதில் வரைந்துவிட்டால் ஆக்கிரமிப்பு போய்விடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். அது தாசில்தார் ஆபீஸ் சங்கதி.)

பெயர்களைக் கூகுள் மேப்பைப் பார்த்து எழுதாதீர்கள். அது உரிமைப் பிரச்சினை, கண்டுபிடித்தால் அழித்துவிடுவார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஞாபகத்தை வைத்தும் எழுத வேண்டாம். மலேசியா மாமா குறித்த டூரிங் டாக்கீஸ் இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. தெருப் பெயரில் சாதியைப் போடுவதா வேண்டாமா என்ற சண்டையைப் பொதுக்குழுவில் வைத்துக்கொள்ளலாம், வரைபடத்தில் பெயர்ப்பலகையில் இருப்பதுதான். தமிழ்ப் பெயருக்கு 'நேம்:டிஏ' என்று தனிப் பெட்டி இருக்கிறது. யார் வீடு என்று ஆள் பெயர் போட வேண்டாம்.

கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைகளின் பெயர்தான் நமக்குப் பெரிய பாடு. படத்தில் அது தெரியாது, நம்மில் பாதிப் பேருக்கும் தெரியாது. பொங்கலுக்குப் போகிறவர்கள் ஒரு காலை நேரம் நீர்ப்பாய்ச்சிக்காரத் தாத்தாவோடு கரைமேல் நடங்கள். செல்போனில் இந்த வரைபடத்துக்கான ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு மடையிலும் நின்று அவர் சொல்கிற பெயரை அந்த இடத்திலேயே குறிப்பாகப் போட்டுவிடுங்கள். வடிவத்தை இங்கிருந்து நாங்கள் வரைந்துகொள்கிறோம். தாத்தாவுக்கு ஒரு டீயும் வெற்றிலையும் வாங்கிக் கொடுங்கள், சங்கக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயை இந்த வாரம் நான் வரைகிறேன். ஒரே கோட்டை இரண்டு பேர் திருத்தினால் சேமிக்கும்போது முட்டிக்கொள்ளும், அதனால் அதை மட்டும் யாரும் தொடாதீர்கள். ஊருணியையும் கோயில் தெப்பக்குளத்தையும் யார் எடுக்கிறீர்கள் என்று இதற்கே பதில் போடுங்கள்.