பழைய 407: டைனமோ உறுமுகிறது, திம்பம் ஏறலாமா?

கோபி வாழைத்தார்:

வணக்கமுங்க. வண்டி பழைய டாடா 407 லாரி. 12 வோல்ட், டீசல் பம்ப் மெக்கானிக்கல். கோபியிலிருந்து மைசூருக்கு வாழைத்தார் ஏற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை வெட்டு. சத்தி, பண்ணாரி, திம்பம், சாம்ராஜ்நகர் வழியாகத்தான் போவேன். வரும்போது தாளவாடியில் முட்டைக்கோஸ் ஏற்றி வருவதாகப் பேச்சு.

கொஞ்ச நாளாக டைனமோ பக்கம் சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கீச்சென்று கத்தும், சற்று நேரத்தில் நின்றுவிடும். அதற்கப்புறம் ஓர் உறுமல் கேட்கிறது, ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்கக் கூடுகிறது. சார்ஜ் லைட் முழுதாக அணையாமல் மங்கலாக எரிகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐடிலில் 12.7, ரேஸ் செய்தால் 13.1, ஹெட்லைட் போட்டால் 12.3.

பட்டறையில், "புது பேட்டரி போட்டுட்டுப் போங்க, பழைய இன்ஜின்தானே, கரண்டே இல்லாட்டியும் ஓடும், வந்து பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அப்பாவோ, "சத்தம் போடற வண்டிய மலை ஏத்தாதே" என்கிறார். தார் வெட்டினால் காத்திருக்காது. யார் பேச்சைக் கேட்பது?

பவானி ஆத்தோரம்:

கீச் சத்தம் பெல்ட்டுதான் அண்ணா. கத்தும்போது பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சட்டென்று அடங்கி மறுபடி ஆரம்பித்தால் பெல்ட் காய்ந்துவிட்டது, இன்னும் அதிகமாகக் கத்தினால் லூஸ். டைனமோ உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். வண்டி நின்றால் டைனமோ போச்சு, ஓடினால் பிரச்சனை இல்லை.

சங்ககிரி செல்ஃப் டைனமோ:

தம்பி சொன்ன தண்ணீர் வைத்தியம் சரி. டெர்மினல் வைத்தியத்தை மட்டும் யாரும் செய்யாதீர்கள். மெக்கானிக்கல் பம்ப் டீசல் வண்டி டைனமோ செத்திருந்தாலும் ஓடத்தான் செய்யும், அதனால் அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்ட் ஒரேயடியாக எகிறும், நல்லாயிருக்கும் டயோடும் (ஏ.சி. கரண்டை டி.சி. ஆக்குவது) கட்-அவுட்டும் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) அதில் போய்விடும். கம்ப்யூட்டர் வைத்த புது பி.எஸ்.6 வண்டியில் செய்தால் கம்ப்யூட்டருக்கே ஆபத்து. பெட்ரோல் காரில் யாரோ பழகியது, இன்னும் பட்டறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோபிக்காரருக்கு வருகிறேன். கரண்ட் கணக்கை மட்டும் பார்த்தால் உங்கள் பட்டறைக்காரர் சொன்னது பெரிய தப்பில்லை. ஹெட்லைட் 55 வாட் இரண்டு, 110 வாட், 9 ஆம்பியர் சொச்சம். நல்ல பேட்டரி இருந்தால் பகலில் ஹாரனும் இண்டிகேட்டரும் மட்டும் போட்டு மைசூர் போய்விடலாம். ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். இந்த வண்டியில் டைனமோவின் முதுகில் என்ன உட்கார்ந்திருக்கிறது? வேக்கம் பம்ப், அதாவது காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் பம்ப். பெட்ரோல் இன்ஜினில் காற்று இழுக்கும் இடத்திலேயே வேக்கம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடையாது, பம்ப் வைத்துத்தான் உண்டாக்க வேண்டும். அந்தப் பம்ப் உங்கள் வண்டியில் டைனமோ ஷாஃப்ட்டிலேயே சுற்றுகிறது, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்கம் அங்கிருந்துதான் போகிறது.

டைனமோ பேரிங் இறுகினால் பெல்ட் கருகி அறுந்துவிடும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. ஆக சார்ஜ் போகும், இன்ஜின் சூடேறும், பூஸ்டரும் போகும். மிச்சமிருக்கும் வேக்கத்தில் சில மிதிகளுக்கு பிரேக் பிடிக்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பிரேக் அடியோடு போய்விடாது, ஆனால் லோடு வண்டியை இறக்கத்தில் நிறுத்த கால் பலம் போதாது. போகும்போது உங்களுக்கு ஏற்றம். திரும்பும்போதுதான் திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு 27 கொண்டை ஊசி வளைவும் இறக்கம், அதுவும் முட்டைக்கோஸ் லோடோடு. உங்கள் அப்பா சொன்னதைக் கேளுங்கள்.

இன்றைக்கே இதைப் பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துக் காலி செய்யுங்கள். பெடலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வேக்கம் வரவில்லை. பம்ப், ஓஸ், பூஸ்டர் மூன்றில் ஒன்று.

அடுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிஷம் மட்டும் ஓட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம், வாட்டர் பம்ப் சுற்றாது. உறுமல் நின்றுவிட்டால் பெல்ட் சுற்றும் சாமான்களில் ஒன்றுதான். நிறுத்திவிட்டு டைனமோ புல்லியையும் வாட்டர் பம்ப் புல்லியையும் தனித்தனியாகக் கையில் பிடித்து ஆட்டுங்கள், சுற்றுங்கள். பின்னால் பம்ப் இருப்பதால் டைனமோ கொஞ்சம் இறுக்கமாகத்தான் சுற்றும், பரவாயில்லை. கரகரப்பும் ஆட்டமும் இருக்கக்கூடாது.

மங்கல் சார்ஜ் லைட்டைப் பார்த்தால் டயோடு மேல் எனக்குச் சந்தேகம். ஒரு டயோடு ஷார்ட் ஆனாலும் டைனமோ முனகும், அதைப் பலரும் பேரிங் என்று நினைத்துக்கொள்வார்கள். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, லைட் போட்டு, ரேஸ் செய்து பேட்டரியில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு பிளேட் போயிருக்கிறது. சில மலிவு மீட்டர்கள் இதில் 25, 26 என்று காட்டிப் பயமுறுத்தும். வயரை மாற்றி வைத்தால் சைபர் காட்டும். அது மீட்டரின் கோளாறு, நம்ப வேண்டாம்.

இன்னொரு கேள்வி. இன்ஜின் ஆயில் குறைகிறதா?

ஈரோடு லைன் வண்டி:

எலக்ட்ரிக்கல் வேலையை அண்ணன் சொல்லிவிட்டார், நான் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன். பண்ணாரி செக்போஸ்ட்டில் 2022 பிப்ரவரியிலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி ராத்திரியில் விடுவதில்லை. லேட்டாகப் போனால் லைனில் நிற்க வேண்டியதுதான், அங்கே ஹெட்லைட்டையும் பாட்டையும் போட்டு பேட்டரியைக் காலி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசனூர் தாண்டி காராப்பள்ளம் பக்கம் வண்டி நின்றால் இறங்கி பானட்டைத் திறக்கலாம் என்று நினைக்காதீர்கள். புலிகள் காப்பகம் அது. கரும்பு லாரிக்கு யானை காத்து நிற்கும் இடம், வாழைத்தாரை மட்டும் வேண்டாம் என்று சொல்லுமா?

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் அந்த ரோட்டில் இன்னும் இருக்கிறார்கள். பூஸ்டர் நன்றாக இருந்தாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி பிடிப்பு குறைந்துவிடும்.

கோபி வாழைத்தார்:

சங்ககிரி அண்ணா, ஆயில் கேள்வி எப்படித் தோன்றியதுங்க? டிப்ஸ்டிக்கில் குறைந்துகொண்டுதான் இருந்தது, பழைய இன்ஜின் குடிக்கிறது என்று விட்டிருந்தோம்.

பெல்ட்டைக் கழற்றியதும் உறுமல் நின்றுவிட்டது. வாட்டர் பம்ப் சுத்தம். டைனமோ புல்லி கையில் ஆடுகிறது. ஏ.சி. வோல்ட் 0.9. பெடல் இறங்கியது, ஆனால் ரொம்ப மெதுவாக. வெட்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளச் சொல்லிவிட்டேன். தோட்டக்காரர் முகம் சுளித்தார், சரி என்றார்.

ஈரோட்டில் டைனமோ மட்டும் பார்க்கும் ஒரு கடையில் பிரித்தார்கள். பின்மூடியைத் திறந்தால் உள்ளே கருப்பு ஆயில் கூழ், கார்பன் பிரஷ் ஊறிப்போய்க் கிடக்கிறது. புதிது வாங்குவதா, இதையே செய்வதா?

சங்ககிரி செல்ஃப் டைனமோ:

அந்தப் பம்ப்புக்கு எண்ணெய் இன்ஜினிலிருந்துதான் பைப் வழியாக வருகிறது, வேலை முடிந்து இன்ஜினுக்கு அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பும். நடுவிலிருக்கும் சீல் போனால் டைனமோவுக்குள் இறங்கிவிடும். ஊறிய கார்பன், சுற்றும் வளையமான ஸ்லிப் ரிங்கைச் சரியாகத் தொடாது, சார்ஜ் விழும். சார்ஜ் குறைவும் பேரிங் சத்தமும் ஒன்றாக வந்ததால் கேட்டேன்.

ஸ்டேட்டர் காயில் கருகாமல் இருந்தால் இதையே செய்யுங்கள். பேரிங் இரண்டும் மாற்றச் சொல்லுங்கள், ஒன்று போதும் என்பார்கள், கேட்காதீர்கள். பழைய பேரிங்கில் இருக்கும் அதே நம்பர், சீல் போட்டது. கார்பன், டயோடு பிளேட், ஆயில் சீல் புதிது. ஸ்லிப் ரிங்கில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் ஒரு மெல்லிய கட்டிங். பம்ப்பைப் பிரித்து உள்ளே சுழலும் தகடுகளான வேன்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று நீங்களே நின்று பாருங்கள். பெடல் மெதுவாக இறங்கியது என்றீர்களே, அது இங்கேதான். திரும்பும் ஓஸை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் எண்ணெய் போக வழியில்லாமல் புது சீலையும் தள்ளிவிடும், இதே வேலைக்கு மறுபடி வருவீர்கள்.

கோபி வாழைத்தார்:

ஓஸ் பாதி அடைத்திருந்தது அண்ணா. வேன்களும் தேய்ந்திருந்தன, மாற்றியாகிவிட்டது. இப்போது ஐடிலில் 13.9, ரேஸில் 14.2, ஹெட்லைட்டோடு 13.8. சார்ஜ் லைட் முழுசாக அணைகிறது. பிரேக்கை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் சட்டென்று இறங்குகிறது. புது பெல்ட் போட்டிருக்கிறேன். காலையில் தார் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம், அப்பாவும் வருகிறேன் என்கிறார்.

சங்ககிரி செல்ஃப் டைனமோ:

நல்லதுங்க. பழைய பெல்ட்டில் வெடிப்பு இல்லையென்றால் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள், கூடவே டைனமோ போல்ட்டுக்கு உரிய ஸ்பேனரும். புது பெல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் நீளும். பண்ணாரியில் நிற்கும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம், அதிகம் என்றால் அங்கேயே இழுத்துக் கட்டிவிட்டு ஏறுங்கள். ரொம்பவும் இறுக்காதீர்கள், புது பேரிங் சீக்கிரம் போய்விடும். சாம்ராஜ்நகரில் டீக்கு நிற்கும்போது இன்ஜின் ஆற விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், கிளம்பும்போது இருந்த அளவிலேயே நின்றால் சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறது.