இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையில இருந்து அடுத்த படி எது?

திண்டுக்கல்_பையன்:
பி.காம் முடிச்சு ஐசி 38 (ஏஜென்ட் ஆகுறதுக்கான பரீட்சை) பாஸ் பண்ணி மூணு வருஷமா லைஃப் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா இருக்கேன். சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் பாலிசி போட்டாச்சு, இனி யார்கிட்ட போறதுன்னே தெரியல. கம்பெனிக்குள்ள வேலைக்கு போக என்ன படிக்கணும் அண்ணா?

க்ளெய்ம்ஸ்_அக்கா:
தம்பி, மும்பை இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா நடத்துற பரீட்சையை எழுது. லைசன்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோன்னு மூணு படி, வேலை பார்த்துக்கிட்டே எழுதலாம். நான் அப்படித்தான் அண்டர்ரைட்டிங்ல (ரிஸ்க்க பார்த்து பாலிசி குடுக்கலாமான்னு முடிவு பண்ற வேலை) இருந்து க்ளெய்ம்ஸுக்கு (இழப்பீட்டு விண்ணப்பங்கள பார்க்குற வேலை) வந்தேன். 2015 சென்னை வெள்ளத்துல ஒருத்தர் தண்ணிக்குள்ள நின்ன காரை ஸ்டார்ட் பண்ணிட்டாரு, இன்ஜின் போச்சு, இன்ஜின் ப்ரொடெக்ட்ங்கிற கூடுதல் கவர் எடுக்கல, அதனால இன்ஜினுக்கு க்ளெய்ம் வரல. பாலிசி விக்கும்போதே யாராவது அவருக்கு இத சொல்லியிருக்கணும், எனக்கு இன்னும் மனசு கேக்கல. க்ளெய்ம்ஸ் தெரிஞ்சவன் பாலிசிய சரியா விப்பான்.

சர்வேயர்_மாமா:
இன்ஜினியரிங் படிச்சவங்களா இருந்தா இன்சூரன்ஸ் சர்வேயர் (நஷ்டத்த மதிப்பிடுறவர்) லைசன்ஸ்க்கு போகலாம், ட்ரெய்னிங் முடிச்சு பரீட்சை எழுதணும், இன்சூரன்ஸ் துறைய கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ தான் லைசன்ஸ் தரும். உனக்கு பி.காம்ங்கிறதால எல்ஐசில ஏஏஓ (உதவி நிர்வாக அதிகாரி), ஏடிஓ (அப்ரென்டிஸ் டெவலப்மென்ட் ஆபீசர்) வேலைக்கு நோட்டிஃபிகேஷன் வந்தா விடாத. இன்டர்வியூல 13வது மாச பெர்சிஸ்டென்சி கேப்பாங்க, அதாவது நீ போட்ட பாலிசில எத்தனை பேர் ரெண்டாவது வருஷ பிரீமியம் கட்டுனாங்கன்னு, அந்தக் கணக்க எடுத்து வச்சுக்க.

திண்டுக்கல்_பையன்:
ரொம்ப நன்றி அக்கா, மாமா. இன்னைக்கே பழைய லிஸ்ட்ட எடுத்து ஒவ்வொருத்தருக்கா போன் போடுறேன்.