கற்பூரம் எங்கே போகிறது?

குழு: ஆயா வீடு, சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)
புரட்டாசி சனிக்கிழமை

பூபாலன் பெரியப்பா, மாலை 6:12
(பலமுறை பகிரப்பட்டது) கற்பூரம் எரிந்தால் சாம்பல்கூட மிஞ்சாது. பொருள் முழுவதும் ஆற்றலாக மாறிவிடுகிறது. ஐன்ஸ்டைன் சொன்ன ஈ=எம்சி² இதுதான்! நம் முன்னோர் அன்றே அறிந்தது. பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

ஆயா, 6:15
🙏🙏 விளக்கு ஏற்றியாச்சு. எல்லாரும் சாப்பிட்டீர்களா?

பிரியா, 6:20
பெரியப்பா, இது உண்மையா? எனக்குத் திங்கட்கிழமை ட்ரையல்ஸில் (மாதிரித் தேர்வில்) கெமிஸ்ட்ரி பேப்பர். லோகா அத்தை எங்கே?

லோகா அத்தை, 6:31
இங்கேதான் இருக்கிறேன். அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கற்பூரம் தட்டில் மிச்சமில்லாமல் எரிவது உண்மை. அது ஆற்றலாக மாறிவிட்டது என்பது தவறு. பதினெட்டு வருஷமாக மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், வருஷம் தவறாமல் யாராவது ஒரு பிள்ளை இந்தச் செய்தியோடு வருகிறது. விட்டுவிட மனம் வரவில்லை.

பூபாலன் பெரியப்பா, 6:33
(படம்: பித்தளைத் தட்டு)
தட்டைப் பார் லோகா. கரிக்கறை தவிர ஒன்றுமில்லை. அப்படியானால் போனது எங்கே?

லோகா அத்தை, 6:36
அதைத்தான் கேட்க வேண்டும் அண்ணா. பிரியா, கற்பூரத்தில் கார்பன் 10, ஹைட்ரஜன் 16, ஆக்சிஜன் 1. எரிவதற்குச் சமன்பாடு எழுது. ஒரு வில்லை ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டு எடையும் போட்டுவிடு. உனக்குப் பரீட்சைக்கும் ஆகும்.

பிரியா, 6:52
ஒரு மூலக்கூறு கற்பூரத்துக்குப் பதின்மூன்றரை ஆக்சிஜன். வருவது 10 கார்பன் டை ஆக்சைடு, 8 தண்ணீர். ஒரு கிராம் கற்பூரம் காற்றிலிருந்து 2.8 கிராம் ஆக்சிஜன் எடுக்கிறது. கார்பன் டை ஆக்சைடு 2.9 கிராம், தண்ணீர் 0.95 கிராம்.
அத்தை, கூட்டினால் 3.8 கிராம் வருகிறது! ஒரு கிராம்தானே கொளுத்தினோம்?

லோகா அத்தை, 6:55
ஆமாம். கொஞ்சம் கரியாகப் படிவதை விட்டுவிட்டால் கணக்கு அதுதான். கற்பூரம் காணாமல் போகவில்லை, காற்றையும் சேர்த்துக்கொண்டு கிட்டத்தட்ட நான்கு மடங்கு எடையோடு கூரைக்குப் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் இல்லை என்று நினைக்கிறோம்.
வேண்டுமானால் பார்த்துவிடு. ஒரு எவர்சில்வர் டம்ளரைத் துணியால் பிடித்து, சுடருக்கு ஒரு சாண் மேலே கவிழ்த்துக் காட்டு. ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்காதே, டர்பன் ஈரக்காற்றில் அது தானாகவே வியர்த்துவிடும், எது கற்பூரத்துத் தண்ணீர் என்று தெரியாது.

பிரியா, 7:08
(படம்: டம்ளரின் உள்பக்கம்)
முதலில் உள்ளே மூச்சு விட்ட மாதிரி வெண்மையாகப் பனி படர்ந்தது. இரண்டு மூன்று நொடிதான், சூடானதும் மறைந்துவிட்டது. அப்புறம் ஒரே கரி.

ஆயா, 7:10
அது தாத்தாவின் டம்ளர். புளி போட்டுத் தேய்த்து வை.

பூபாலன் பெரியப்பா, 7:14
பனியை நானும் பார்த்தேன். சரி லோகா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளியும் சூடும் வருகிறதே, அதற்கு எடை இல்லையா? ஐன்ஸ்டைன் அதைத்தானே சொன்னார்?

லோகா அத்தை, 7:26
அண்ணா, நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். அதைத்தான் சொன்னார். அந்தக் கட்டுரை பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு புரட்டாசியில்தான், 1905 செப்டம்பர் 27. மூன்றே பக்கம். ஒரு பொருள் ஆற்றலை வெளியே விட்டால் அதன் நிறை அந்த ஆற்றலை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவு குறையும் என்றார். கற்பூரத்துக்கும் அது பொருந்தும். ஒரு கிராம் எரிந்தால் சுமார் 39 கிலோஜூல், ஒரு குவளைத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கும் சூடு. அதோடு போகும் நிறை ஒரு கிராமில் இருநூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. எந்தத் தராசிலும் நிற்காது.
அந்த ஒரு கிராமும் முழுக்க ஆற்றலாக மாறினால் என்ன ஆகும் தெரியுமா? 2.5 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1945-இல் நாகசாகியில் விழுந்த குண்டில் குறைந்த நிறை ஏறக்குறைய ஒரு கிராம்தான். ஆயா தினமும் இரண்டு வேளை கற்பூரம் ஏற்றுகிறார், சாட்ஸ்வர்த் இன்னும் இருக்கிறது. அதனால்தான் அந்தச் செய்தியை அனுப்ப வேண்டாம் என்கிறேன்.

தேவன் சித்தப்பா, 7:31
இப்போதுதான் பார்த்தேன். அக்கா, அப்படியென்றால் கேப் டவுன் பக்கத்துக் கூபர்க் அணுமின் நிலையத்தில்? மெல்க்போஸ் கடற்கரையில் நடக்கும்போது அந்த இரண்டு குவிமாடமும் தெரியும். அங்கேயாவது பொருள் ஆற்றலாக மாறுகிறதா?

லோகா அத்தை, 7:40
தேவா, அங்கே குறைகிற நிறையைக் கணக்கில் பார்க்கலாம். இரண்டு உலையும் முழு அளவில் ஓடினால் ஒரு நாளில் சுமார் 5 கிராம், ஒரு தேக்கரண்டி சர்க்கரை. அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக நமக்கு வருகிறது, மீதிச் சூடு நீ கால் நனைக்கிற அட்லாண்டிக் தண்ணீரோடு போய்விடுகிறது.
ஆனால் அங்கேயும் ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான்கூட அழிவதில்லை. யுரேனியம் உடையும்போது துண்டுகளிலும் தெறித்துப் போகும் நியூட்ரான்களிலுமாக அத்தனையும் எண்ணிக்கை மாறாமல் இருக்கும். துண்டுகளுக்குள் முன்னைவிட இறுக்கமாகப் பிணைந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இறுக்கத்தில் விடுபட்ட ஆற்றல் தன் நிறையோடு போய்விடுகிறது, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. நிறை குறைவது வேறு, பொருள் மறைவது வேறு. பிரியா, இதை மட்டும் மனதில் வை.

பிரியா, 7:44
அப்போ பொருள் மொத்தமாக மறைகிற இடமே கிடையாதா அத்தை?

சரஸ் அத்தை, 7:52
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லோகா அத்தை, 7:53
அக்கா, என்ன எழுதினீர்கள்? ஏன் அழித்தீர்கள்?

சரஸ் அத்தை, 7:58
ஒன்றுமில்லை. எனக்குச் செவ்வாய்க்கிழமை பெட் ஸ்கேன். அதில் எதிர்ப்பொருள் என்று ஒன்றை உடம்புக்குள் விடுகிறார்கள், அது பொருளோடு சேர்ந்தால் இரண்டும் அழிந்துவிடும் என்று போனில் படித்தேன். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. இதை எல்லார் முன்னாலும் எப்படிக் கேட்பது?

லோகா அத்தை, 8:10
அக்கா, இதற்கா இத்தனை தயக்கம்? நீங்கள் படித்ததில் பொய் இல்லை. பிரியா கேட்ட இடமும் அதுதான். முழுதாகச் சொல்கிறேன், பயம் போய்விடும்.
உங்களுக்கு ஊசியில் போடுவது சர்க்கரை மாதிரி ஒன்று. அதில் ஃப்ளூரின் 18 என்ற அணுவைக் கோத்திருப்பார்கள். சர்க்கரையை அதிகம் தின்னும் செல்கள் அதையும் எடுத்துக்கொள்ளும். அந்த அணு மாறும்போது பாசிட்ரான் என்ற துகள் வெளியே வரும். நீங்கள் படித்த எதிர்ப்பொருள் இதுதான். எலக்ட்ரானுக்கு இணை, மின்னூட்டம் மட்டும் எதிர். 1932-இல் கண்டுபிடித்தது. அது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தூரம் போவதற்குள் உங்கள் உடம்பின் எலக்ட்ரான் ஒன்றைச் சந்திக்கும். இரண்டும் மறைந்துவிடும். சாம்பல் இல்லை, புகை இல்லை, இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் வெளியே வரும், ஒவ்வொன்றும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு. உங்களைச் சுற்றியுள்ள வளையம் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து, எந்தக் கோட்டில் நடந்தது என்று சொல்லும். அப்படி லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்ததுதான் டாக்டர் பார்க்கும் படம்.

சரஸ் அத்தை, 8:13
என் உடம்பின் எலக்ட்ரானா? அது போனால்?

லோகா அத்தை, 8:16
ஒரு சொட்டு ரத்தத்தில் இருக்கிற எலக்ட்ரான்களை எண்ணி முடிக்க ஆயுள் போதாது. அக்கா, ஆயா இன்று படைத்த வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது அல்லவா? அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உள்ளது. ஒரு பழத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரான் வருகிறது, வந்ததும் பழத்தின் எலக்ட்ரான் ஒன்றோடு மறைகிறது. உங்கள் உடம்பிலும் பொட்டாசியம் உண்டு, பிறந்த நாள் முதல் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்கேன் அன்று அது நிறைய நடக்கும், கொஞ்ச நேரத்துக்கு.

பூபாலன் பெரியப்பா, 8:20
ஒரே தட்டில் கற்பூரமும் பழமும். கற்பூரம் அழியவில்லை, பழத்துக்குள்தான் அது நடக்கிறதா! முந்தைய செய்தியை நான் அனுப்பிய இரண்டு குழுவிலும் திருத்திப் போடுகிறேன். சரஸ், செவ்வாய்க்கிழமை நான் வண்டி எடுத்து வருகிறேன். எத்தனை மணிக்கு?

சரஸ் அத்தை, 8:24
எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் அண்ணா. இரவு பன்னிரண்டுக்கு மேல் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று தாளில் எழுதியிருக்கிறது. அன்றைக்குப் பேத்தியைத் தூக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அவள் என்னிடம்தானே தூங்குவாள்?

லோகா அத்தை, 8:29
தாளில் உள்ளபடியே செய்யுங்கள். ஃப்ளூரின் 18 ஏறக்குறைய 110 நிமிஷத்துக்கு ஒரு முறை பாதியாகும். புதன்கிழமை காலை கணக்குப் பார்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. செவ்வாய் இரவு பாப்பா என்னிடம் தூங்கட்டும், புதன் காலை ஏழு மணிக்கு உங்கள் கையில் கொண்டு வந்து தருகிறேன்.

ஆயா, 8:31
பழம் நான்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்கேன் முடிந்ததும் சரஸுக்குக் கொடு.