கேம்பிங் வானுக்குள் சிக்னல் இல்லை, பூஸ்டர் வாங்கலாமா?

வெள்ளவத்தை_வான்:
பழைய டொல்பின் வான் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் போட்டு கேம்பிங் வண்டியாக்கியிருக்கிறேன். போன வாரம் பெலிஹுல்ஓயாவில் ஆற்றோரம் நிறுத்தினோம். கதவடியில் நின்றால் வாட்ஸ்அப் போகிறது, உள்ளே வந்து கதவைச் சாத்தினால் ஒன்றுமில்லை. திங்கள் காலை ஆபீஸ் மீட்டிங்குக்கு மிதிபலகையில் குந்தியிருந்து லேப்டொப்பை மடியில் வைத்துக் கதைத்தேன். காலில் அட்டை வேறு. புறக்கோட்டையில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். வாங்கலாமா?

மலைப்பாதை:
வேண்டாம் அண்ணா. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அதைப் பாவிப்பது சட்டவிரோதம். அதோடு, வான் அளவு இடத்தில் வெளி அன்டெனாவும் உள் அன்டெனாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கோயில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்த மாதிரிக் கூவ ஆரம்பித்துவிடும். டவருக்கும் தொல்லை.

உங்கள் பிரச்சினை வானின் தகரம், அதுதான் சிக்னலை மறிக்கிறது. முதலில் போன் காட்டும் கோடுகளை நம்பாமல் சிக்னல் பலத்தின் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் சிம் நிலை என்ற இடத்தில் டிபிஎம் என்று இருக்கும். மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 110 தாண்டினால் கஷ்டம். உள்ளே, கதவடியில், கூரைக்கு மேலே என்று மூன்று இடத்தில் அளந்து சொல்லுங்கள்.

டொங்கிள்_தம்பி:
அன்டெனா செருகும் ஓட்டை இரண்டு உள்ள 4ஜி ரௌட்டர் ஒன்றும் கூரைக்கு வெளி அன்டெனாவும் வாங்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தேடிப் பாருங்கள். இரண்டு ஓட்டைக்கும் அன்டெனா கொடுக்க வேண்டும்.

மலைப்பாதை:
அன்டெனா சரி, கேபிளில்தான் ஏமாறுவோம். மெல்லிய கேபிள் 10 மீட்டர் ஓடினால் 8 டெசிபல் போலத் தின்றுவிடும், அன்டெனா சேர்த்துத் தந்தது எல்லாம் அதிலேயே போய்விடும். நான் செய்வது வேறு. ரௌட்டரையே ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கம்பத்தில் ஏற்றிவிடுவேன். கீழே வருவது 12 வோல்ட் வயர் மட்டும். வைஃபை ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும்.

வெள்ளவத்தை_வான்:
செய்மதி வழியாக இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் எப்படி?

டொங்கிள்_தம்பி:
2025 ஜூலையிலிருந்து இலங்கையில் இருக்கிறது. ஆனால் திறந்த வானம் வேண்டும், ஆற்றோர மரத்தடியில் விட்டுவிட்டுத்தான் வரும். பெரிய டிஷ் 75 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதாவது 12 வோல்ட் பற்றரியிலிருந்து 6 ஆம்பியருக்குக் குறையாது. இரவு முழுக்க ஓடினால் காலையில் ஃபேனும் இல்லை. முதலில் வேறு கம்பனி சிம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒரே பள்ளத்தில் ஒன்று படுத்திருக்க மற்றது ஓடும்.

வெள்ளவத்தை_வான்:
போயா லீவுக்குத் திரும்பப் போனேன். வானுக்குள் மைனஸ் 117, கதவடியில் 108. ரௌட்டரை டப்பாவில் போட்டு மூங்கில் கம்பத்தில் ஏற்றியதும் 98! வானை ஆற்றிலிருந்து கொஞ்சம் மேட்டுக்கு ஏற்றியதும் உதவியது. வீடியோ கோல் அறுபடவில்லை. மத்தியானம் மட்டும் டப்பா சூடேறி ரௌட்டர் நின்றுவிட்டது. மேலே ஒரு கமுகம்பாளையைக் கட்டினேன், திரும்ப ஓடியது. இனி மழை வந்தால்? வயர் போகிற ஓட்டைக்குச் சிலிக்கன் பூசவா?

மலைப்பாதை:
ஓட்டையை டப்பாவின் அடியில் போடுங்கள். வயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே எடுங்கள், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். சிலிக்கன் அப்புறம் பார்ப்போம். கமுகம்பாளையைக் கழற்றாதீர்கள்.