ராத்திரி பத்துக்குள்ள தலைப்பு வேணும்

டவுன் அத்தை: நாவலுக்குத் தலைப்பை இன்னைக்கு ராத்திரி பத்துக்குள்ள சொல்லணும். ஐ.எஸ்.பி.என்னு புஸ்தகத்துக்கு உள்ள அடையாள நம்பருக்கு நாளைக்கு விண்ணப்பம் போடுதாவ. நாலு வச்சிருக்கேன். கார் பிசானம். கன்னடியன் கால். முறைத்தண்ணீர், வயலுக்கு முறை வச்சு விடுத தண்ணி. கடைமடை, வாய்க்கா தண்ணி கடைசியாப் போய்ச் சேருத வயக்காடு.

பெரியப்பா: கார் பிசானம்.

மெட்ராஸ் தங்கச்சி: கன்னடியன் கால் அத்தை

சித்தி: எல்லாமே நல்லாருக்கு. மதினி, பத்தமடைக்கு எப்பப் போறோம்? கல்யாணப் பாய்க்கு இப்பவே சொன்னாத்தான் உண்டு.

பாளை அண்ணன்: அத்தை, ஒவ்வொண்ணாச் சொல்லுதேன். கார் பிசானம்னா நமக்கு ரெண்டு பூவும், ரெண்டு போக நெல்லும் கண்ணுல வந்துரும். மதுரைக்கு வடக்க உள்ளவன் கார்னு பாத்ததும் மோட்டார் காரைத்தான் நெனப்பான். பிசானத்துக்கு ரெண்டு சுழி போடுதவனும் உண்டு, மூணு சுழி போடுதவனும் உண்டு. மாத்தித் தேடினா புஸ்தகம் சிக்காது.

பெரியப்பா: கார் தெரியாதவன் நெல்லைப் பத்தி எதுக்குப் படிக்கணும்

பாளை அண்ணன்: கன்னடியன் காலும் அப்படித்தான். நமக்குக் கால்னா வாய்க்கால். அங்க மெட்ராஸ்ல கால்னா கால்தான், கன்னடியன்னா கன்னடக்காரன். சேத்துப் படிச்சுப் பாரு. தாமிரபரணி ஆத்துல மேல இருந்து மூணாவது அணைக்கட்டு, கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி, பத்தமடை வழியாப் போகுதுன்னு அட்டையில எழுத முடியுமா?

மதினி: தாமிரபரணின்னே வச்சா?

பாளை அண்ணன்: 2007ல விஷால் படம் வந்துட்டு. தலைப்புக்குக் காப்புரிமை கெடையாது, வைக்கலாம். ஆனா தேடினா படமும் பாட்டுந்தான் வரும்.

மதினி: சரி

பாளை அண்ணன்: புஸ்தக முதுகைப் பாக்கணும் அத்தை. கடையில அலமாரியில முதுகுதான் தெரியும். 288 பக்கம். 70 ஜி.எஸ்.எம் மேப்லித்தோ தாள்ல முதுகு ஒண்ணரை சென்டிமீட்டர்கூட வராது. மடிப்பு கொஞ்சம் நகண்டாலும் எழுத்து அட்டைப் பக்கம் ஏறிரும், அதனால ரெண்டு ஓரமும் 2 மில்லி விடணும். மிச்சம் 10 மில்லிக்குள்ள புள்ளி, மேல் சுழி, கீழ்க் கொக்கி எல்லாம் அடங்கணும். முறைத்தண்ணீர்ல த், ண், ர் மூணு புள்ளி, ணீக்கு மேல சுழி. அதுக்கு எடம் விட்டா எழுத்து ஒடம்பு சிறுத்துரும். கடைமடையை எழுதிப் பாருங்க. மேல ஒண்ணும் ஏறாது, கீழ ஒண்ணும் எறங்காது. முதுகு நெறைய நிக்கும்.

மெட்ராஸ் தங்கச்சி: அட ஆமா

பெரியப்பா: கடைமடை வேண்டாம்.

டவுன் அத்தை: ஏன் அண்ணே?

பெரியப்பா: பாகப்பிரிவை ஊரு பூரா படிக்கணுமா

சித்தப்பா: கடைமடை வயல் எனக்குத்தான விழுந்தது. எனக்கு ஒண்ணும் இல்ல, வைக்கட்டும்.

பெரியப்பா: சீட்டுப் போட்டுத்தான விழுந்தது

சித்தப்பா: சீட்டு எழுதினது யாரு

சித்தி: அந்தப் பேச்சு இப்ப எதுக்கு. பாயில நெய்யதுக்கு மாப்பிள்ளை பேரை எழுதி வாங்கணும். பேருல புள்ளி நெறைய இருக்கே, நெய்வாகளான்னு கேக்கணும்.

டவுன் அத்தை: அண்ணே, நாவல்ல பாகப்பிரிவே கெடையாது. தலைமடையில ஒருத்தன் ராத்திரி மண்ணுச் சாக்கு வச்சு அடைக்கான். கடைமடைக்காரி விடிய விடிய வரப்புல உக்காந்திருக்கா.

சித்தப்பா: படிச்சேன்க்கா. அந்த எடம் நல்லா வந்திருக்கு.

மெட்ராஸ் தங்கச்சி: கடைமடைன்னு தேடினேன். பூரா செய்திதான், தண்ணி வரலைன்னு மறியல்

பாளை அண்ணன்: அது ஒண்ணுதான் கொறை. கூடவே அத்தை பேரைப் போட்டுத் தேடணும். அட்டையில கீழ ‘நாவல்’னு கட்டாயம் வரணும், இல்லேன்னா வேளாண்மைப் புஸ்தகத்தோட அடுக்கிருவாவ. கன்னிமாரா நூலகப் பட்டியல்ல அதே பேரு இருக்கான்னும் பாத்துருவோம். ஒண்ணு அத்தை, முடிவு பண்ணினா பெறவு மாத்தாதிய. அட்டை, முதுகு, பின்னட்டை, உள்ள ரெண்டு தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், பக்கத்துக்குப் பக்கம் உச்சியில வார பேரு, விண்ணப்பம்னு எட்டு எடத்துல மாத்தணும். பழசு தங்குதது பக்க உச்சியிலதான். அத்தியாயத்துக்கு ஒரு ஃபைலா வச்சிருக்கோம், ஒண்ணை விட்டாலும் அந்த அத்தியாயம் பூரா பழைய பேருதான்.

மதினி: சாப்பிட வாங்க, தோசை ஆறுது

பாளை அண்ணன்: வாரேன். அத்தை, நம்ம வீட்டு ஆளு இல்லாத மூணு பேருட்ட நாலையும் வாசிச்சுக் காட்டுங்க, கதை சொல்லாதிய. ஒரு மணி நேரங் கழிச்சு எது ஞாபகம் இருக்குன்னு கேளுங்க.

டவுன் அத்தை: கேட்டுட்டேன். பக்கத்து வீட்டு டீச்சரும் மாடி வீட்டுப் பையனும் கடைமடைன்னாவ. பால்காரர் முறைத்தண்ணின்னாரு.

பெரியப்பா: முறைத்தண்ணின்னா எனக்குச் சம்மதம்.

மெட்ராஸ் தங்கச்சி: தண்ணியா, தண்ணீரா?

டவுன் அத்தை: அண்ணே, போன எடுங்க.

பாளை அண்ணன்: மணி பத்தே கால். விண்ணப்பத்துல பென்சில்ல கடைமடைன்னு எழுதிருக்கேன். காலையில ஒன்பதுக்கு ஏத்திருவேன்.

சித்தி: வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா மதினி, பத்தமடைக்கு?