ஓரிகனில் முதல்முறை மதுபோதை வழக்கு: டைவர்ஷனுக்கு ஒப்புக்கொள்ளலாமா?

நங்கநல்லூர் தாய்மாமன்:
மாணவர் விசாவில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் முதுகலை படிக்கும் என் அக்கா மகன், மது அருந்திவிட்டுக் கார் ஓட்டியதாகச் சென்ற வாரம் கைதாகி, மறுநாள் வெளியே வந்திருக்கிறான். விபத்து எதுவும் இல்லை, முன்வழக்கும் இல்லை. ஓராண்டுக்குச் சில நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கு தள்ளுபடியாகிவிடும், அந்த ஏற்பாட்டுக்கு டைவர்ஷன் என்று பெயர் என அங்குள்ள வழக்கறிஞர் சொல்கிறாராம். இங்கே உறவினர்களோ, பத்தாயிரம் ரூபாய் கட்டினால் தீர்கிற விஷயம்தானே என்கிறார்கள். அக்காவுக்கு உறக்கமே இல்லை. அவன் கையெழுத்திடலாமா?

எழும்பூர் வக்கீல்:
ஐயா, உறவினர்கள் சொல்வது சென்னைக்கே முழுதாகப் பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி, 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால், முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சாலையிலேயே போலீசாரிடம் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் இது சேராது. நீதிமன்றம் போய்த்தான் ஆக வேண்டும். குற்றம் உறுதியானால் 20ஆம் பிரிவின் கீழ் ஓட்டுநர் உரிமத்துக்குக் குறைந்தது ஆறு மாதத் தடையும் உண்டு. டைவர்ஷன்போல, சிகிச்சை பெற்றால் வழக்கு நீங்கும் என்ற வழி இச்சட்டத்தில் இல்லை. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம், போதையில் வண்டி ஓட்டி விபத்து ஏற்படுத்திய ஒருவரை அடையாறு சிக்னலில் விழிப்புணர்வுத் துண்டறிக்கை வழங்கச் சொன்னதைப் பலர் இதனுடன் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஜாமீன் நிபந்தனை மட்டுமே.

ஓரிகன்வாசி:
இந்த மாநிலத்தில் டைவர்ஷன் கேட்பவர், குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவோ மறுத்து வாதாடவில்லை என்றோ முதலிலேயே நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் மதுப்பழக்க மதிப்பீடு, அது பரிந்துரைக்கும் சிகிச்சை, குடிபோதை விபத்துகளில் உறவுகளை இழந்தவர்கள் பேசும் கூட்டம், பெரும்பாலும் ஊதிக் காட்டினால்தான் காரைக் கிளப்பவிடும் இன்டர்லாக் கருவி என்று ஓராண்டு ஓடும். எல்லாவற்றுக்கும் செலவு அவனுடையதே. விண்ணப்பிக்க, முதல் ஆஜருக்குப் பின் 30 நாள் அவகாசம் உண்டு. உரிமத்தை முடக்கும் நடவடிக்கை போக்குவரத்துத் துறையில் தனியாக நடக்கும். அதை எதிர்த்து விசாரணை கோரக் கைதிலிருந்து 10 நாள்தான். சென்ற வாரக் கைது என்கிறீர்கள், எனவே இதை இன்றே கேளுங்கள்.

நங்கநல்லூர் தாய்மாமன்:
மிக்க நன்றி. ஆனால் தள்ளுபடியான வழக்கு விசாவை எப்படிப் பாதிக்கும்?

விசா விவரம் அறிந்தவர்:
சிக்கலே அங்குதான் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டோ மறுத்து வாதாடாமலோ இருந்து, நீதிபதி ஏதேனும் ஒரு தண்டனையையோ கட்டுப்பாட்டையோ விதித்திருந்தால், மாநில நீதிமன்றம் பின்னர் தள்ளுபடி செய்தாலும், அமெரிக்கக் கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டம் அதைக் குற்றத்தீர்ப்பாகவே கொள்ளக்கூடும். பென்சில்வேனியாவில் இதே வகைத் திட்டத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே சேரலாம் என்பதால், அங்குள்ள நண்பர்களின் அனுபவத்தை அவன் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது.

அதற்காகப் பதற வேண்டாம். யாருக்கும் காயமில்லாத முதல்முறை வழக்கு என்பதற்காக மட்டும் பொதுவாக நாடுகடத்த முடியாது. ஆனால் விசாவை ரத்து செய்யக் கைது ஒன்றே போதும். தீர்ப்புக்காக விசா அதிகாரிகள் காத்திருப்பதில்லை. அப்படி ரத்தானாலும் படிப்பு பொதுவாக உடனே நின்றுவிடாது. ஆனால் அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போவதற்குப் புது விசா வேண்டும். ஆகவே பொங்கலுக்கோ தங்கை திருமணத்துக்கோ டிக்கெட் எடுப்பதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஒப்புதலால் குடிவரவில் நேரும் விளைவைக் கட்சிக்காரருக்கு எடுத்துச்சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என 2010இல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த ஆலோசனையை எழுத்தில் தரும்படி கேட்கச் சொல்லுங்கள். என் அபிப்பிராயத்தில், குடிவரவு வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கும்வரை அவன் கையெழுத்திடக் கூடாது. 30 நாள் அவகாசம் அதற்குப் போதும். பின்னாளில் அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா கேட்கும்போது, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் கைதானதுண்டா என்றே கேட்கும். தள்ளுபடி ஆணை கையில் இருந்தாலும் பதில் 'ஆம்' என்றுதான் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள், அதனால் சிகிச்சை முடித்த சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.